டப்பாவுக்குள் நுழையும் ஐப்பசி

வாசகர் கேள்வி – பதில்

உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் ரைஃபிள் கிளப் உறுப்பினர்களும் இந்த மழைக்காலத்தில் அனுப்பிய கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: தோட்டாவின் வெடிமருந்தில் ஏறும் ஈரம். பதிலுக்கு முன் ஒரு வார்த்தை. துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கொடுத்த உரிமம், தோட்டா தயாரிக்கக் கொடுத்த உரிமம் ஆகாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதற்குத் தனி உரிமம் கேட்கிறது. நிரப்புவது பற்றிய பதில்கள் அந்த அனுமதி உள்ள இடங்களுக்கு மட்டுமே. பத்திரப்படுத்துவது பற்றியவை எல்லோருக்கும்.

கிளப்பில் தோட்டா நிரப்பும் நாளில் மருந்து டப்பாவைத் திறந்து வைத்தபடியே பகல் முழுக்க வேலை நடக்கிறது. ஹாப்பரில், அதாவது நிரப்பும் கருவியின் மருந்துக் கிண்ணத்தில், மிஞ்சியதை மறுநாளும் பயன்படுத்துகிறோம். ஐப்பசியில் நிரப்பிய தோட்டாக்கள் இலக்கில் தாழ்ந்து விழுகின்றன. அதே எடை, அதே குண்டு. ஈரம் இவ்வளவு வேலை செய்யுமா?
– ரைஃபிள் கிளப் உறுப்பினர், தஞ்சாவூர்

செய்யும். நெல்லை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு உடனே விளங்கும். களத்தில் காய்ந்து 14 விழுக்காட்டுக்கு வந்த நெல்லை மழை நாட்களில் திறந்த தாழ்வாரத்தில் ஒரு வாரம் பரப்பி வையுங்கள். ஒரு சொட்டு மழை படாமலே ஈரம் ஏறி, கொள்முதல் நிலையத்தில் மீட்டர் 17ஐத் தாண்டிவிடும். மருந்து மணியும் இதே போலக் காற்றோடு கொடுக்கல் வாங்கல் செய்கிறது. இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தின் அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸ் பஞ்சு போன்ற நாரிலிருந்து செய்யப்படுவது. ஆலையிலிருந்து வரும்போதே அதில் ஏறக்குறைய 1 விழுக்காடு ஈரம் இருக்கும். அது குறையல்ல. மருந்து எரியும் வேகத்தை ஆலைக்காரர்கள் அந்த ஈரத்தோடு சேர்த்தே சோதித்துச் சொல்கிறார்கள்.

காற்றின் ஈரப்பதம் 85, 90 என்று நிற்கும் நாளில் திறந்து வைத்த மருந்து ஈரத்தை வாங்கும். எரிவேகம் குறையும், அழுத்தம் குறையும், குண்டின் வேகமும் குறையும். கணக்காகவே பாருங்கள். ஒரு தோட்டாவுக்கு 2.6 கிராம் மருந்து என்று வைத்துக்கொள்வோம். ஈரம் 1 விழுக்காடு கூடினால் தராசில் நிற்கும் அதே 2.6 கிராமில் 26 மில்லிகிராம் தண்ணீர். அவ்வளவு மருந்து குறைந்துபோயிற்று. அதோடு முடியவில்லை. அந்தத் தண்ணீரை ஆவியாக்கவும் மருந்தின் வெப்பமே செலவாகிறது. உங்கள் தராசு 6 மில்லிகிராம் வித்தியாசத்தைக் காட்டும், ஆனால் இந்த 26ஐக் காட்டாது. எடைக்கு மருந்தும் தண்ணீரும் ஒன்றுதான்.

நைட்ரோகிளிசரின் கலந்த இரட்டை அடிப்படை மருந்துகள் ஈரத்தைக் குறைவாக வாங்கும். நைட்ரோசெல்லுலோஸ் மட்டுமே உள்ள ஒற்றை அடிப்படை மருந்துகளில்தான் இந்தத் தொல்லை அதிகம். உங்கள் டப்பாவில் எது என்று முதலில் பாருங்கள்.

தாழ்ந்து விழும் தோட்டா வெறும் எச்சரிக்கை. உண்மையான ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. ஐப்பசியில் ஈரம் ஏறிய மருந்தை வைத்து, வேகம் போதவில்லை என்று எடையைக் கூட்டிக் கூட்டி உச்ச அளவுக்கு வருகிறீர்கள். அந்த எடையை நோட்டில் எழுதியும் வைக்கிறீர்கள். சித்திரையில், குளிர்சாதனம் ஓடும் அறையில் இரண்டு நாள் திறந்திருந்து காய்ந்துபோன மருந்தில் அதே எடையை நிரப்புகிறீர்கள். காய்ந்த மருந்து வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். பிரைமர் (தோட்டா அடியில் தீ மூட்டும் சிறு மூடி) தட்டையாவது, சுட்ட தோட்டா குழலின் பின்புற அறையிலிருந்து எளிதில் வராமல் இறுகிக்கொள்வது எல்லாம் அதன் அடையாளங்கள். லேசாக ஈரம் ஏறிய மருந்து இலக்கைத்தான் தவறவிடும், காய்ந்த மருந்து துப்பாக்கியையே கெடுக்கும். மழையில் கண்ட உச்ச அளவை வெயிலில் நம்பாதீர்கள்.

வேலை முறையை இப்படி மாற்றிக்கொள்ளலாம். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குத் தேவையானதை மட்டும் ஹாப்பரில் ஊற்றி டப்பாவை உடனே மூடுங்கள், ஹாப்பருக்கும் மூடி போடுங்கள். நிரப்பி முடித்ததும் மிச்சத்தை அன்றைக்கே அதே டப்பாவில் திருப்பி ஊற்றுங்கள். இரவு முழுக்க ஹாப்பரில் கிடந்த மருந்தை நல்ல டப்பாவில் சேர்க்காதீர்கள். ஈரம் மட்டும் காரணமல்ல. காலையில் அதைப் பார்ப்பவருக்கு அது எந்த மருந்து என்று உறுதியாகத் தெரியாது, நைட்ரோகிளிசரின் உள்ள மருந்து பிளாஸ்டிக்கையும் அரிக்கும்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. டப்பாவை மூடும்போது மூடியோடு சேர்த்து எடை போட்டு, தேதியோடு அதன் மேலேயே எழுதுங்கள். அடுத்த முறை திறப்பதற்கு முன் மறுபடி எடை போடுங்கள். அரைக் கிலோ மருந்தில் 1 விழுக்காடு ஈரம் என்பது 5 கிராம், சமையலறை டிஜிட்டல் தராசே காட்டிவிடும். எடை மாறாமலிருந்தால் மூடி தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். 2 கிராம் ஏறியிருந்தால்கூட ரப்பர் வளையத்தைப் பாருங்கள், மருந்தளவைக் குறைந்த நிலையிலிருந்து மறுபடி சோதித்து வாருங்கள். நோட்டில் எடைக்குப் பக்கத்தில் அன்றைய அறை ஈரப்பதத்தையும் எழுதும் பழக்கம் வந்துவிட்டால், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நல்லது என்கிறார்களே?
– வாசகர், கும்பகோணம்

வேண்டாம். குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்து உடனே திறந்தால், மோர்ச் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல மருந்து மணிகள் மேலேயே நீர் படியும். குளிர்சாதன அறையில் இருந்த டப்பாவுக்கும் இதே கதைதான். அதை வெளியே கொண்டுவந்து, மூடியைத் தொடாமல் அறை வெப்பத்துக்கு வரும் வரை விடுங்கள். 1 கிலோ டப்பாவுக்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கலாம். முந்தின இரவே எடுத்து வைத்துவிடுவது நல்லது. தவிர, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி என்பது குழந்தைகள் திறக்கும் பெட்டி. அங்கே வெடிமருந்துக்கு இடமில்லை.

உப்பு ஜாடியில் அரிசி போடுவது போல மருந்து டப்பாவிலும் ஒரு பிடி அரிசி முடிந்து போடலாமா? அல்லது சிலிக்கா ஜெல்?
– வாசகர், மன்னார்குடி

அரிசி வேண்டவே வேண்டாம். சேமிப்பில் உள்ள அரிசியிலேயே 12 முதல் 14 விழுக்காடு ஈரம் உண்டு. அது ஏறக்குறைய 65 முதல் 75 வரை ஈரப்பதமுள்ள காற்றோடு சமநிலையில் நிற்கும். அதற்குக் கீழே அதனால் எதையும் உலர்த்த முடியாது. போதாததற்கு மாவும் தூசியும் மருந்தில் கலக்கும்.

சிலிக்கா ஜெல் எதிர்த் தொல்லை. மூடிய சிறு டப்பாவுக்குள் அதைப் போட்டால் மருந்தை வேண்டியதற்கு மேல் உலர்த்திவிடும். உலர்ந்தால் என்ன ஆகும் என்று தஞ்சாவூர் வாசகருக்குச் சொன்னோம். ஆகவே மருந்து டப்பாவுக்குள் எதையும் போடாதீர்கள். டப்பாக்கள் இருக்கும் மர அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பை வைக்கலாம், துப்பாக்கி இருக்கும் பெட்டியில் கட்டாயம் வைக்கலாம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் நிறைந்துவிட்டது. 110 முதல் 120 டிகிரியில் 2 மணி நேரம் மின் அடுப்புப் பெட்டியில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். இந்த வேலையை மருந்து இருக்கும் அறையில் செய்யாதீர்கள்.

அலமாரிக்குள் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வையுங்கள். 50 முதல் 60 வரை நின்றால் போதும். மலிவான கருவிகள் பத்துப் புள்ளி வரை பொய் சொல்வதுண்டு. சரிபார்க்க வழி நம் சமையலறையிலேயே இருக்கிறது. பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பு போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். உப்பு முழுக்கக் கரையக் கூடாது, ஈர மணல் போல இருக்க வேண்டும். அதையும் ஹைக்ரோமீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி 12 மணி நேரம் கழித்துப் பாருங்கள். உள்ளே ஈரப்பதம் 75ஆக இருக்கும். கருவி 68 காட்டினால், அது எப்போதும் 7 குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டுங்கள்.

வீட்டில் எந்த இடம் பாதுகாப்பு? நல்ல கனமான இரும்புப் பெட்டி செய்து வைக்கலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

மருந்துக்குக் கனமான இரும்புப் பெட்டி வேண்டாம். இறுக்கி அடைத்த இரும்புக்குள் மருந்து தீப்பிடித்தால் அது எரிவதோடு நிற்காது, பெட்டியையே வெடிகுண்டாக்கிவிடும். ஆலை தரும் டப்பா அழுத்தம் ஏறினால் எளிதில் விட்டுக்கொடுக்கும்படி செய்யப்பட்டது. அதிலேயே வைத்து, வெளியே ஓர் அங்குலத் தடிப்புள்ள மரப்பெட்டி போடுங்கள். எவர்சில்வர் தூக்கிலோ கண்ணாடிப் பாட்டிலிலோ மாற்றவே கூடாது. தகரக் கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சமையலறைப் பரண் மூன்றும் ஆகாது. தரையிலிருந்து ஓரடியாவது உயரம், வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி, பூட்டு. உரிமத்தில் எவ்வளவு என்று இருக்கிறதோ அதற்கு மேல் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

வெடித்தொழில் சிவகாசியில் வேரூன்றியது போலக் காவிரிக் கரையில் ஏன் ஊன்றவில்லை?
– மாணவி, மயிலாடுதுறை

காரணங்களில் முக்கியமானது வானம். சிவகாசி மழை குறைந்த கரிசல் பூமி. தீக்குச்சி முனையும் வெடிமருந்தும் வெயிலில் உலர வேண்டிய பொருட்கள், அங்கே ஆண்டின் பெரும்பகுதி உலர்கின்றன. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தபோது, வேளாண்மைக்குக் கைகொடுக்காத வறண்ட வானம் இந்தத் தொழிலுக்குக் கைகொடுத்தது. முப்போகம் விளைந்த ஊர்களில் அந்த வானமும் இல்லை, அந்தத் தேவையும் இல்லை.

பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்ற வாய்வழி ஊட்டும் நாட்டுத் துப்பாக்கி எங்களிடம் உள்ளது. கருமருந்து மழைக்காலத்தில் கட்டி தட்டிவிடுகிறது. வெயிலில் காயவைத்து உதிர்த்தால் பழையபடி ஆகிவிடுமா?
– விவசாயி, திருவையாறு

ஆகாது. அவசரத்தில் சிலர் அதை வாணலியில் போட்டு அடுப்பருகே வைப்பதும் நடக்கிறது என்பதால் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

கருமருந்தில் வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் மாவாக அரைக்கப்பட்டு, ஒன்றோடொன்று ஒட்டி மணியாகின்றன. அந்த நெருக்கம்தான் அதன் பலம். சுத்தமான வெடியுப்பு எளிதில் கசியாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 92ஐத் தாண்டினால்தான் நீர்க்கும். ஆனால் சரியாகச் சுத்தம் செய்யாத வெடியுப்பில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கலந்திருக்கும், அவை அதற்கு வெகு முன்பே கசிய ஆரம்பிக்கும். வேதாரண்யத்துக் கல்லுப்பு ஜாடியில் கசிவதும் இதே போல மக்னீசியத்தால்தான். கரியும் தன் பங்குக்கு ஈரத்தை உறிஞ்சும்.

ஈரம் ஏறியதும் வெடியுப்பு கரைந்து மணியின் உள்ளிருந்து வெளிப்பக்கம் நகர்கிறது. காய்ந்ததும் மேற்பரப்பில் வெள்ளைப் பூப்பாகப் படிகிறது. உள்ளே கரியும் கந்தகமும் தனியாக நிற்கின்றன. வெயில் தண்ணீரை எடுக்கும், நகர்ந்த உப்பைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைக்காது. அந்த மருந்து ஒரு சமயம் புஸ்ஸென்று போகும், ஒரு சமயம் தாமதித்து வெடிக்கும். உதிர்க்கும்போது உண்டாகும் மாவு மணியைவிடச் சீக்கிரம் தீப்பற்றும். இரும்புக் கம்பியால் கட்டியைக் குத்துவது விபத்தைக் கூப்பிட்டு வரவழைப்பது. வெள்ளைப் பூப்பு கண்டால், அல்லது டப்பாவை மெல்லச் சாய்க்கும்போது உதிராத கட்டி இருந்தால், அந்த மருந்தின் காலம் முடிந்தது. நீங்கள் வாங்கிய உரிமம் பெற்ற கடையிலேயே கேட்டு ஒப்படையுங்கள்.

இனி வாங்கும்போது சிறிய அளவாக வாங்குங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் செலவாகும் அளவே போதும். மேலே கிராஃபைட் மெருகேற்றிய, பளபளப்பான மணி ஈரத்தைச் சற்றுத் தாங்கும். பட்டாசைப் பிரித்த மருந்தைக் குழலில் போடாதீர்கள். அது எரியும் விதமே வேறு, குழலைப் பிளந்துவிடும்.

ஊட்டிய துப்பாக்கியை இரவெல்லாம் பனியில் வைப்பதையும் விட்டுவிடுங்கள். மார்கழிப் பனி குழல் வழியாகவும் தீ மூட்டும் கேப்பு உட்காரும் துளை வழியாகவும் உள்ளே இறங்கும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே நீட்டியபடி குறைந்தது 2 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நனைந்த மருந்து உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். குழலுக்குள் எட்டிப் பார்ப்பதோ, உடனே புது மருந்து ஊட்டுவதோ கூடாது.

சுட்ட பிறகு குழலில் தங்கும் கசடிலும் ஈரத்தை இழுக்கும் பொட்டாசியம் உப்புகள் உண்டு. நம் காற்றில் ஒரே இரவில் துரு பிடிக்கும். எண்ணெய் மட்டும் விட்டால் அது கசடின் மேல் போர்வைதான், கசடு கரையாது. அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணி கறுப்பில்லாமல் வரும் வரை துடைத்து, குழல் சூடாக இருக்கும்போதே உலர்த்தி, அதற்குப் பிறகு எண்ணெய் தடவுங்கள். பயிருக்காகத் தந்த உரிமம் காட்டு விலங்கைச் சுட அனுமதி ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். காட்டுப்பன்றித் தொல்லைக்கு வனத்துறையை அணுகுவதே வழி.

புயல் வெள்ளத்தில் 12 போர் தோட்டாக்கள் ஒரு நாள் தண்ணீரில் கிடந்தன. காய்ந்த பின் பார்க்க நன்றாகவே இருக்கின்றன. பயன்படுத்தலாமா?
– வாசகர், வேதாரண்யம்

கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த உங்கள் பகுதியில் தண்ணீரோடு உப்பும் வீட்டுக்குள் வரும் என்பதால் இன்னும் அழுத்திச் சொல்கிறோம். காகித உறைத் தோட்டா நனைந்தால் ஊதிப் பருக்கும், காய்ந்தாலும் பழைய அளவுக்கு வராது, குழலின் அறையில் சிக்கும். பிளாஸ்டிக் உறை தாங்கும், ஆனால் மடித்த வாய் வழியாகவும் பிரைமர் ஓரமாகவும் நீர் நுழைந்திருக்கலாம். வெளியிலிருந்து அதைக் காண வழியில்லை.

நனைந்த தோட்டா வெடிக்காமலே போனால் பிழைத்தோம். பாதி வெடிப்பதுதான் கொடியது. பிரைமர் மட்டும் தீப்பிடித்து, மருந்து அரைகுறையாக எரிந்து, தக்கையும் ரவையும் குழலின் நடுவிலேயே நின்றுவிடும். சத்தம் வழக்கத்தைவிட மொட்டையாக இருக்கும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துத் தாங்கும் கையைப் பிய்த்துவிடும். எந்தத் தோட்டாவாக இருந்தாலும் சத்தமோ உதைப்போ குறைவாகத் தெரிந்தால் நிறுத்துங்கள். 1 நிமிடம் பொறுத்து, திறந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டுப் பின்பக்கமிருந்து குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

வெள்ளம் தொடாத தோட்டாக்களையும் கடற்காற்று விடாது. பித்தளை அடியில் பச்சைக் களிம்பு லேசாக, துணியால் துடைத்தால் போகும் அளவில் இருந்தால் பரவாயில்லை. குழி விழுந்திருந்தாலோ பிரைமரைச் சுற்றிக் களிம்பு வளையம் இருந்தாலோ ஒதுக்குங்கள். தோல் வார்ப் பட்டையில் செருகியே வைப்பது கெடுதல். பதனிட்ட தோலின் அமிலமும் ஈரமும் சேர்ந்து பித்தளையைத் தின்னும்.

காலமான என் தந்தையின் அலமாரியில் பழைய மருந்து டப்பா ஒன்றும் சில தோட்டாக்களும் கிடைத்தன. டப்பாவைத் திறந்தால் காரமான நெடி, உள்ளே செம்பழுப்புத் தூள். என்ன செய்வது?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

மூடியை லேசாக வைத்து, டப்பாவை வீட்டை விட்டு வெளியே, நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். குலுக்க வேண்டாம், முகர வேண்டாம், இறுக்கவும் வேண்டாம்.

நல்ல புகையில்லா மருந்துக்கு ஈதர் போன்ற லேசான கரைப்பான் வாசனைதான் இருக்கும். கண்ணைக் கரிக்கும் நெடி என்றால் நைட்ரோசெல்லுலோஸ் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வருகின்றன என்று பொருள். தகர டப்பாவாக இருந்தால் அந்த அமிலம் உட்சுவரையும் துருவாக்கும். நீங்கள் பார்த்த செம்பழுப்பு அதுவாகவும் இருக்கலாம். இந்தச் சிதைவு எல்லா மருந்திலும் மெல்ல நடப்பதுதான். வெளிவரும் அமிலத்தைப் பிடித்துக்கொள்ள ஆலையில் டைஃபினைலமின் போன்ற நிலைநிறுத்திகளைச் சேர்க்கிறார்கள். அது தீர்ந்துபோனால் அமிலமே அடுத்த சிதைவைத் தூண்டும், சூடு ஏறும், தானே தீப்பற்றவும் கூடும். வெப்பம் இதன் முதல் எதிரி, ஈரம் அதற்குத் துணை. நம் ஊர் அலமாரியில் இரண்டுக்கும் குறைவில்லை. 1903இல் தொடங்கிய அருவங்காடு கார்டைட் (ஒரு வகைப் புகையில்லா மருந்து) ஆலை இருக்கும் நீலகிரிக் குளிரில் பல பத்தாண்டு தாங்கும் மருந்து, மே மாதத்து மாடியறையில் அவ்வளவு தாங்காது.

உரிமம் தந்தையின் பெயரில் இருந்ததால் அந்தத் தோட்டாக்களையோ மருந்தையோ நீங்கள் வைத்திருக்க முடியாது. ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ காலதாமதமின்றி ஒப்படைக்கச் சொல்கிறது. கெட்டுப்போன டப்பாவை நீங்களே பேருந்திலோ ஸ்கூட்டரிலோ கொண்டுபோக வேண்டாம். நிலையத்துக்குச் சென்று எழுத்தில் தெரிவியுங்கள், நெடியையும் நிறத்தையும் சொல்லுங்கள், வந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கித் தந்தையின் உரிமப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். துப்பாக்கியை வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கும்போது அந்தத் தாளைக் கேட்பார்கள்.